இரைச்சல் வரும் திசை

நவம்பர் 4, 2024, திங்கள்

காளி பூஜை முடிந்து நாலு நாள் ஆகிறது. சேத்லாவில் ஒரு பால்கனியில்கூட சீரியல் விளக்கைக் கழற்றவில்லை. சாயங்காலம் ஆனால் எங்கள் தெரு அழகாகத்தான் இருக்கிறது. என் ரேடியோவுக்குத்தான் நரகம். எண்பது மீட்டர் அலைவரிசையைத் திறந்தால் எண்ணெயில் அப்பளம் பொரிகிற சத்தம். மீட்டர் முள் ஒன்பதைத் தாண்டி நிற்கிறது. யாருடைய சிக்னலும் இல்லை. வெறும் இரைச்சலே ஒன்பது!

ஆம்பன் புயலில் ஐந்து நாள் போனும் கரண்டும் இல்லாமல் கிடந்தபோது பிடித்த ஹாம் ரேடியோ பைத்தியம் இது, வீட்டிலிருந்தே தூரத்து ஆட்களோடு சிக்னலில் தொடர்புகொள்வது. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி மூன்று வருடமாகிறது. மகள் சஹானா துர்காபூருக்குப் படிக்கப் போனதும் அவள் அறை ரேடியோ அறையாகிவிட்டது. பேச்சு எனக்கு வரவில்லை, மோர்ஸ் வந்தது. கோர்ட்டில் நாள் முழுக்க ஜட்ஜ் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எழுதும் கைக்கு, புள்ளியும் கோடும் ஒரு பெரிய விஷயமில்லை.

மேல் அலைவரிசைகளில் எல்லோரும் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது இந்தக் கீழ் அலைவரிசைதான். சூரியன் விழுந்த பிறகும் எழுவதற்கு முன்னும் மட்டும் தூரம் திறக்கும். நவம்பரில் கல்கத்தாவில் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. ஆனால் கோர்ட்டிலிருந்து வீடு வர ஆறு ஆகும். ஆக எனக்கு சனியும் ஞாயிறும்தான்.

நவம்பர் 10, ஞாயிறு

ஜப்பானிலிருந்து ஒரு மின்னஞ்சல். ஹொக்கைடோவில் மொரிதா என்ற ஒருவர். மிகவும் மரியாதையாக எழுதியிருக்கிறார். போன ஞாயிறு மாலை உங்கள் சிக்னல் இங்கே நன்றாகக் கேட்டது, உங்களைப் பதினோரு முறை அழைத்தேன், நீங்கள் தொடர்ந்து "யாராவது இருக்கிறீர்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள், உங்கள் பக்கம் இரைச்சல் அதிகமோ?

வெட்கமாகப் போய்விட்டது. பதினோரு முறை!

விடியற்காலையில் தினேஷ்குமாரிடம் சொன்னேன். கரக்பூர்க்காரன், ரயில்வே சிக்னல் பிரிவில் இருக்கிறான். ஞாயிறு தோறும் ஐந்தரைக்கு மோர்ஸில் சந்திப்போம், பிறகு போனில் அரட்டை. ரேடியோக்காரர்கள் இப்படிப்பட்டவர்களை முதலை என்பார்களாம். வாய் பெரிசு, காது சிறிசு.

"அக்கா, அனுப்புறதுக்கு ஒரு ஆண்டெனா, கேக்குறதுக்கு வேற ஒண்ணு. கீழ் பேண்டுக்கு அதுதான் வழி" என்றான்.

நவம்பர் 11, திங்கள்

மதிய இடைவேளையில் இதையே படித்தேன். எவ்வளவு விசித்திரம்! கேட்கும் ஆண்டெனா பெரிதாக, உயரமாக, வலுவாக இருக்க வேண்டியதே இல்லையாம். சிக்னல் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும் கவலையில்லை, இரைச்சல் இருபதில் ஒரு பங்காகக் குறைந்தால் போதும். கணக்கு அவ்வளவுதான். மூன்று வருடமாக நான் எதிர்ப்பக்கமே யோசித்திருக்கிறேன். கேட்கவில்லை என்றால் கம்பியை உயர்த்து, கேட்கவில்லை என்றால் வால்யூமைக் கூட்டு.

நூற்றைம்பது மீட்டர் நீளக் கம்பியைத் தரையோடு தரையாக இழுத்துக் கட்டுவது ஒரு வகை. அதுதான் ராஜாவாம். சேத்லாவில் நூற்றைம்பது மீட்டர் இழுத்தால் ஆறு வீட்டு மொட்டை மாடி, ஒரு கோச்சிங் சென்டர், மீன் சந்தை எல்லாவற்றையும் தாண்ட வேண்டும்.

அடுத்தது ஒரு மீட்டர் வளையம், கையால் திருப்பலாம். அதற்கு அடுத்தது கொடி வடிவத்தில் ஒரு செவ்வகக் கம்பி. அது ஒரு திசையை மட்டும் கேட்கும், எதிர்த்திசைக்கு முதுகைக் காட்டிவிடும்.

வளையம். முதலில் வளையம்.

நவம்பர் 13, புதன்

"மனுதாரர் ஆஜராகத் தவறினார்" என்று ஜட்ஜ் மேடம் ஆங்கிலத்தில் சொன்னதை நான் "மனுதாரர் கப்பலேறினார்" என்று தட்டியிருக்கிறேன். ஃபெயில்ட், ஸெயில்ட். பக்கத்து மேஜை சுப்ரியாதி படித்துப் பார்த்துவிட்டு, "கோன் ஜாஹாஜே?" என்று கேட்டு அரைமணி நேரம் சிரித்தாள். எந்தக் கப்பலில் என்று நான் என்னத்தைச் சொல்வது.

வீட்டில் கணவர் செல்வராஜிடம் சொன்னால் அவரும் சிரித்தார். கிடர்பூர் துறைமுகத்தில் கிரேன் பிரிவில் முப்பது வருடமாக வேலை பார்க்கிறவர். "எங்ககிட்ட சொல்லாம எப்படிக் கப்பல் ஏறுனாரு?"

கோர்ட் ஹாலில் அந்தப் பழைய ஃபேன் போடும் சத்தத்தில் யாருக்குத்தான் சரியாகக் கேட்கும்.

நவம்பர் 17, ஞாயிறு

நேற்று சாந்தினி மார்க்கெட்டில் அலைந்து ஒரு பழைய ரேடியோவின் கண்டென்சர் வாங்கினேன். கேபிள் டிவிக்காரன் மாடியில் விட்டுப்போன கேபிள் சுருள் இருந்தது. பிளாஸ்டிக் குழாயைக் கூட்டல் குறியாகக் கட்டி, அதன்மேல் கேபிளை வட்டமாக ஓட்டினோம். பார்த்தால் பெரிய முறம் மாதிரி இருக்கிறது.

சாயங்காலம் செல்வராஜ் மாடியில் வளையத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் கீழே ஹெட்போனோடு. போனில் ஒவ்வொரு விரற்கடையாகத் திருப்பச் சொன்னேன். வளையத்தின் தட்டைப் பக்கம் தென்மேற்கைப் பார்த்ததும் — அடேயப்பா. அப்பளச் சத்தம் அப்படியே அடங்கிவிட்டது. முள் ஒன்பதிலிருந்து நாலு. கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினதுபோல்!

தென்மேற்கில் என்ன இருக்கிறது என்று பாக்கெட் ரேடியோவோடு நடந்து போய்ப் பார்த்தோம். ரயில் பாதையோரம் ஒரு ராட்சத விளம்பரப் பலகை. அதன் கீழே நின்றால் ரேடியோ கதறுகிறது. மூக்குத்தி போட்ட ஒரு பெண் நகை விளம்பரத்தில் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். மூன்று வருடமாக என் காதில் பொரிந்தது இவள்தானா.

ஒரே ஒரு குறை. அந்த இரைச்சல் போன பிறகு அடியில் இன்னொன்று இருக்கிறது. மெல்லிய விசில். கொசு காதருகே நிற்பதுபோல்.

நவம்பர் 19, செவ்வாய்

விசில் எந்தத் திசையில் திருப்பினாலும் ஒரே அளவு. வளையத்தை வைத்துக்கொண்டு முழு வட்டம் சுற்றிப் பார்த்தாயிற்று. எல்லாத் திசையிலிருந்தும் வரும் என்றால் மிக அருகில் இருக்க வேண்டும். நம் வீட்டிலேயே?

சந்தேகப் பட்டியல்: இன்வெர்ட்டர். வைஃபை பெட்டி. இரண்டாம் மாடி மீன் தொட்டியின் பம்ப். வளையத்தோடு போட்ட சிறு ஆம்ப்ளிஃபையர்.

நவம்பர் 22, வெள்ளி

இன்வெர்ட்டர் இல்லை. வைஃபை இல்லை. மீன் தொட்டியும் இல்லை. பௌதி என்று நான் கூப்பிடும் அந்த வீட்டு அம்மாளிடம் கெஞ்சி ஐந்து நிமிடம் பம்ப்பை நிறுத்த வைத்தேன். மீனுக்கு மூச்சு முட்டும் என்று கடிகாரத்தோடு நின்றாள் பாவம்.

நவம்பர் 24, ஞாயிறு

மெயின் ஸ்விட்சையே அணைத்துவிட்டு ரேடியோவை பேட்டரியில் ஓட்டினேன். விசில் இருக்கிறது. ஆம்ப்ளிஃபையரைக் கழற்றினேன். இருக்கிறது. எனக்கு இப்போது மொரிதாவைவிட இந்தக் கொசுமேல்தான் ஆசை அதிகம். என்ன பிறவி இது?

ஐந்து நிமிடம் ஒலிப்பதிவு செய்து தினேஷுக்கு அனுப்பியிருக்கிறேன். இரண்டு காதுக்கு இரண்டு ஆண்டெனா என்று ஒரு முறை இருக்கிறதாம். இடது காதில் ஒன்று, வலது காதில் ஒன்று, மூளை இரண்டையும் சேர்த்துப் பலவீனமான சிக்னலைப் பிடித்துவிடும். விசிலைத் தீர்த்ததும் அதைச் செய்வோம் என்று சொல்லியிருக்கிறான்.

நவம்பர் 30, சனி

தினேஷ் பதில் போட்டிருக்கிறான். பதிவில் விசிலே இல்லையாம். கம்ப்யூட்டரில் போட்டு அலை அலையாகப் பிரித்துப் பார்த்திருக்கிறான். சுத்தமாக இருக்கிறதாம், வளையம் பிரமாதமாம்.

இன்னொன்றும் எழுதியிருக்கிறான். "அக்கா, நீங்க ஃபில்டரை ஐநூறுல வச்சிருக்கீங்க. கொசு மாதிரி அவ்வளவு மேல் ஸ்தாயில எந்தச் சத்தமும் அதுவழியா வெளிய வரவே முடியாது."

உண்மைதான். எனக்கே தெரிந்திருக்க வேண்டியது. இந்த ரேடியோவால் அந்த ஓசையை உண்டாக்கவே முடியாது.

ரேடியோவை அணைத்தேன். ஹெட்போனைக் கழற்றினேன். குளிர் வந்துவிட்டதால் ஃபேன் ஓடவில்லை. ஜன்னலையும் சாத்தினேன்.

இருக்கிறது.

டிசம்பர் 1, ஞாயிறு

காலையில் எழுந்ததும் இருக்கிறது. பல் தேய்க்கும்போது இருக்கிறது. எத்தனை நாளாக? கோடை முழுக்க ஃபேன் மறைத்திருக்கிறது. பகலெல்லாம் தெரு மறைத்திருக்கிறது. ஊரின் இரைச்சலைக் குறைத்துக் குறைத்து வந்தேன், அடியில் நானே உட்கார்ந்திருக்கிறேன்.

தினேஷுக்கு "ஆமாம், ஏதோ லூஸ் கனெக்‌ஷன்" என்று எழுதிவிட்டேன். ஏன் பொய் சொன்னேன்?

டிசம்பர் 3, செவ்வாய்

போனில் ஓர் ஆப் இருக்கிறது. கீழ் ஸ்தாயியிலிருந்து ஒவ்வொரு படியாக ஓசை கொடுக்கும். கதவைச் சாத்திக்கொண்டு செய்து பார்த்தேன். வலது காது எண்ணாயிரம் வரை போகிறது. இடது காது இரண்டாயிரத்துக்கு மேல் ஒன்றுமே இல்லை. ஒன்றுமேயில்ல. திரையில ஓசை வருதுன்னு காட்டுது, எனக்கு வெறும் கொசு.

நாலு தடவை செய்தேன். ஹெட்போனை மாற்றிப் போட்டும் செய்தேன். ஹெட்போன் சரியாக இருக்கிறது.

ஸ, ஃப, ஷ எல்லாம் மேல் ஸ்தாயியில்தான் இருக்கிறதாம். ஃபெயில்ட். ஸெயில்ட். எனக்கு வாய் அசைவு பார்த்து, வாக்கியத்தின் போக்கு பார்த்து, ஊகித்தே பழகிவிட்டது போலிருக்கிறது. கோர்ட்டில் ஜட்ஜுக்கு நான் எந்தப் பக்கம் உட்காருகிறேன்? மேடம் என் இடப்பக்கம்.

சுருக்கெழுத்துக்காரிக்குக் காது போனால் அப்புறம் என்ன இருக்கு.

டிசம்பர் 6, வெள்ளி

மத்தியானம் கோர்ட் வராந்தாவில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். மேட்டியாபுரூஸிலிருந்து வந்த நஸீமா பீபி. தையல் வேலை செய்கிறவள். ஜீவனாம்ச வழக்கு, இடுப்பில் ஒரு சின்னப் பெண். என்னைப் பார்த்ததும், "தீதி, தேதி ஆறுதானே போட்டிருந்தாங்க? நேத்தே முடிஞ்சு போச்சுன்னு சொல்றாங்களே" என்று வங்காள மொழியில் கேட்டாள்.

கையில் உத்தரவின் அச்சுப் பிரதி. என் தட்டச்சு. டிசம்பர் ஆறு.

பெஞ்ச் கிளார்க்கின் புத்தகத்தில் டிசம்பர் ஐந்து. நேற்று பெயர் கூப்பிட்டிருக்கிறார்கள், ஆள் இல்லை, வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். கணவன் தரவேண்டிய இடைக்கால உதவியும் அதோடு போயிற்று.

என் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். தட்டும்போது விரல் தவறியிருந்தால் நோட்டில் ஐந்து இருக்கும். நோட்டிலேயே ஆறு. தெளிவாக, அழுத்தமாக ஆறு. ஃபிஃப்த், ஸிக்ஸ்த். மேடம் ஐந்து என்று சொல்லியிருக்கிறார், எனக்கு ஆறு என்று கேட்டிருக்கிறது. ஒரு துளி சந்தேகம்கூட வரவில்லை எனக்கு. அதுதான் பயமாயிருக்கு.

சுப்ரியாதி நல்லதற்குத்தான் சொன்னாள். டைப்பிங் மிஸ்டேக் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடு, நோட்டை யார் படிக்கப் போகிறார்கள், உனக்கு இன்னும் பதினோரு வருட சர்வீஸ் இருக்கிறது.

நஸீமாவின் இடுப்பிலிருந்த பாப்பா என் ஐடி கார்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது.

டிசம்பர் 8, ஞாயிறு

விடியற்காலை தினேஷைச் சந்திக்கவில்லை. ரேடியோவைத் தொடவில்லை.

சாப்பிட்ட பிறகு செல்வராஜிடம் சொன்னேன். ஆப்பில் வந்த படத்தைக் காட்டினேன், நஸீமாவைப் பற்றிச் சொன்னேன். அவர் தட்டிலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை காய்ந்துபோயிற்று.

"ரெண்டு வருஷமா ராத்திரி படுத்துக்கிட்டு நான் ஏதாவது சொன்னா நீ பதில் சொல்றதில்ல. எம்மேல என்னமோ கோவம்னு நெனச்சுக்கிட்டேன்."

நான் வலப்பக்கம் திரும்பித்தான் படுப்பேன். நல்ல காது தலையணைக்குள் போய்விடும். அவர் சொன்னதெல்லாம் இந்தக் காதுக்கு.

கேட்டிருக்கலாமே என்றேன். கோபமாக இருப்பவளிடம் போய் ஏன் கோபம் என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வானேன் என்று விட்டுவிட்டாராம்.

"அப்படி என்னதான் சொன்னீங்க?"

"பெருசா ஒண்ணுமில்ல. ஆபீஸ் கதை. சஹானா கதை." தட்டை ஓரமாகத் தள்ளி, "ஒரு தடவ வேலையை விட்டுறலாமான்னு கேட்டேன். நீ ஒண்ணும் சொல்லல. சரி, உனக்குப் பிடிக்கலன்னு விட்டுட்டேன்."

மனுசன் ஒருத்தன் இருட்டுல அவ்வளவு பெரிய கேள்விய கேட்டிருக்கான், நான் தூங்கற மாதிரி கெடந்திருக்கேன்.

இப்போது கேளுங்கள் என்றேன். வேண்டாம், அப்போது உயிரை எடுத்த மேலதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார் என்றார். அதற்கு இருவரும் சிரித்தோம். பிறகு நான் அழுதேன். அவர் எழுந்து கை கழுவப் போனார், வெகுநேரம் குழாயடியிலேயே நின்றார்.

நாளைக்கு மேடமிடம் சொல்லப் போகிறேன். செல்வராஜும் சொல்லச் சொன்னார். "அந்தப் பொம்பளைக்கு ஒரு நாள்தான் தப்பாப் போச்சு. இனிமே வர்றவங்களுக்கு என்ன தப்பாப் போகும்னு நமக்கு எப்படித் தெரியும்?"

டிசம்பர் 9, திங்கள்

பத்து மணிக்கு மேடத்தின் அறைக்குள் போனேன். நோட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

மேடம் முதலில் கோபப்பட்டார். அந்த ஒரு நாளில் அந்தப் பெண் எதை இழந்தாள் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டார். தெரியாது என்றேன், அதுதான் உண்மை. மூன்று மாதத்து உத்தரவுகளையும் பெஞ்ச் கிளார்க் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும், இந்த வாரமே, சுப்ரியா உன்னோடு உட்காருவாள் என்றார். மருத்துவச் சான்றிதழ் வேண்டும். அதுவரை தேதி, எண், பெயர் எது வந்தாலும் உடனே நான் உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும், எல்லோர் முன்னாலும்.

ரெக்கார்ட் ரூமுக்கு அனுப்பிவிடுவார் என்று எண்ணிக்கொண்டு நின்றேன். நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்து, இதில் ஆறு எது என்று கேட்டார். காட்டினேன். ஒரு சின்ன வளைவு. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தக் காது?"

"இடது, மேடம்."

பியூனைக் கூப்பிட்டு என் மேஜையைத் தூக்கி மறுபக்கம் போடச் சொன்னார்.

நஸீமா பீபியின் வழக்கை மத்தியானமே மறுபடி கோப்பில் எடுத்துக்கொண்டார்கள். புதுத் தேதியை நான் உரக்கத் திருப்பிச் சொன்னேன்.

டிசம்பர் 13, வெள்ளி

இருநூற்றுப் பதினாலு உத்தரவுகள் பார்த்து முடித்தோம். இன்னும் இரண்டு தவறு. ஒன்று சாட்சியின் பெயர், ஒன்று வீட்டு எண். இரண்டையும் திருத்தியாயிற்று. சுப்ரியாதி ஒரு தடவைகூட நான் அப்போதே சொன்னேனே என்று சொல்லவில்லை. என் பங்குக்கும் சேர்த்து மூரிப் பொரி வாங்கி வந்தாள்.

சாயங்காலம் காது டாக்டர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து வரைபடம் எடுத்தார்கள். இரண்டாயிரம் வரை நேராகப் போய், பிறகு இடது கோடு படியில் தடுக்கி விழுந்ததுபோல் சரிகிறது. என் ரேடியோ ஃபில்டரின் படம் மாதிரியே இருக்கிறது. விளிம்பு எங்கே தொடங்குகிறது, எத்தனை டெசிபெல் சரிவு என்று கேட்டுக்கொண்டே போனேன். டாக்டர் நீங்கள் இன்ஜினியரா என்றார்.

விசில், காது தானே போட்டுக்கொள்ளும் சத்தமாம். வராத ஓசைக்குப் பதிலாக மூளை வால்யூமைக் கூட்டிக்கொண்டே போகுமாம். எனக்கு அது உடனே புரிந்தது.

ஒரு காதில் மட்டும் இருப்பதால் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்றார். ஏன் என்று கேட்டேன். நரம்பில் கட்டி ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள என்றார், சாதாரணமாக. வெளியே வந்ததும் செல்வராஜ் என் வலப்பக்கத்தில் நடந்தார். டாக்ஸியில் ஏறும்போதும் முதலில் என்னை ஏறவிட்டு, யோசித்து, மறுபக்கம் சுற்றிப் போய் ஏறினார்.

டிசம்பர் 15, ஞாயிறு

தினேஷிடம் உண்மையைச் சொன்னேன். வெகுநேரம் திரையில் எழுதுகிறான், அழிக்கிறான், எழுதுகிறான் என்று தெரிந்தது. கடைசியில் வந்தது இவ்வளவுதான்: "அப்ப ரெண்டு காதுக்கு ரெண்டு ஆண்டெனா வேணாம். ஒரு காதுக்கு நல்லதா ஒண்ணு கட்டுவோம்க்கா."

ஹெட்போனை ஒற்றைக் காதுக்கு மாற்றினேன். மோர்ஸின் ஓசையை ரேடியோவில் நமக்கு வேண்டிய ஸ்தாயிக்கு வைத்துக்கொள்ளலாம். எழுநூறில் இருந்ததை நானூற்றைம்பதுக்கு இறக்கினேன். தவளை மாதிரி கட்டைக் குரல். ஆனால் கொசுவிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி இருக்கிறது!

டிசம்பர் 18, புதன்

எம்ஆர்ஐ. உலகத்தின் எல்லா இரைச்சலையும் ஒரு குழாய்க்குள் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். எப்படி இவ்வளவு சத்தம் வருகிறது என்று உள்ளே படுத்தபடி யோசித்துக்கொண்டிருந்ததால் பயம் தெரியவில்லை. முடிவு ஒரு வாரத்தில்.

டிசம்பர் 22, ஞாயிறு

ஒரு வாரம் சும்மா உட்கார்ந்து காத்திருக்க என்னால் முடியாது. கொடி ஆண்டெனா கட்டினோம்.

காகிதத்தில் இரண்டு நாள் வாதாடிக்கொண்டேன். வளையம் சின்னது, திருப்பலாம், நேர் எதிரில் இருக்கும் ஓர் இரைச்சலை அறவே கொல்லும். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் ஒன்றுதான். ஒரு திசையைக் கொன்றால் அதற்கு நேர் எதிர்த்திசையும் சேர்ந்து சாகும். விளம்பரப் பலகை தென்மேற்கில். ஜப்பான் வடகிழக்கில்! அந்த நகைக்காரியை வாயடைத்தபோதெல்லாம் நான் மொரிதாவையும் சேர்த்தே வாயடைத்திருக்கிறேன். கொடி அப்படியில்லை. வடகிழக்கை மட்டும் கேட்கும், தென்மேற்குக்கு முதுகு. இதைக் கண்டுபிடித்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

பூஜைப் பந்தல் பிரித்த மூங்கில் கிளப்பில் இன்னும் கிடந்தது. அங்கே கேட்டு நாலு வாங்கினோம். ஒன்பது மீட்டர் நீளம், நாலு மீட்டர் உயரத்துக்குச் செவ்வகமாகக் கம்பி, ஒரு முனையில் ரெஸிஸ்டர், மறுமுனையில் சின்ன டிரான்ஸ்ஃபார்மர். தினேஷ் ரயிலேறி வந்திருந்தான். மாடியில் தேங்காய் சாதம் சாப்பிட்டுக்கொண்டே கட்டினோம்.

போட்டுப் பார்த்தால் வளையத்தைவிட மோசம். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கம்பியின் மேல் தப்பில்லை. மாடியிலிருந்து கீழே வரும் கேபிளின் வெளிப்பக்கம் கட்டிடத்து இரைச்சலையெல்லாம் நக்கிக்கொண்டு வருகிறது. கேபிளை, இரைச்சலை விழுங்கும் ஃபெரைட் வளையங்களில் பத்துச் சுற்றுச் சுற்றினான் தினேஷ்.

அமைதி. மீட்டர் முள் தரையில். ஏதோ அறுந்துவிட்டது என்றே நினைத்தேன். அந்த அமைதிக்குள் எங்கோ ஒரு மூலையில் ஒரு தவளை, மெதுவாகத் தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. ரஷ்யாவின் கிழக்குக் கோடி. முள் அசையவே இல்லை. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

டிசம்பர் 27, வெள்ளி

படத்தில் ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை.

செல்வராஜ் அலுவலகத்திலிருந்தே மூன்று தடவை கூப்பிட்டு அறிக்கையைப் படிக்கச் சொன்னார்.

டிசம்பர் 29, ஞாயிறு

இரண்டாம் மாடி பௌதி கொடி ஆண்டெனாவில் போர்வை காயப்போட்டுவிட்டாள். கீழ்க்கம்பி தொட்டில் மாதிரி தொங்குகிறது. பம்ப்பை நிறுத்தித் தந்தவளாயிற்றே, என்ன சொல்ல. பக்கத்தில் தனியாக ஒரு கயிறு கட்டிக் கொடுத்தேன்.

ஜனவரி 12, 2025, ஞாயிறு

ஐந்து பத்துக்குச் சூரியன் மறைந்தது. மொரிதாவுக்கு முன்கூட்டியே எழுதியிருந்தேன், அலைவரிசையில் எந்த இடத்தில் இருப்பேன் என்று. என் காதைப் பற்றியும் ஒரு வரி எழுதினேன். எழுதாமலும் இருந்திருக்கலாம். எழுதினேன்.

ஐந்து இருபத்தைந்துக்கு வந்தார். மெல்லிய குரல், அலையோடு ஏறி இறங்கிக்கொண்டு. என் அழைப்புக்குறி கேட்டது. அடுத்து வந்தது கேட்கவில்லை. முன்பெல்லாம் கேட்டதை வைத்து மீதியை ஊகித்து எழுதிக்கொள்வேன், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்ற நினைப்பு. இன்று "மறுபடி" என்று அனுப்பினேன். சொன்னார். பாதி விழுந்தது. மறுபடி. சொன்னார், இன்னும் மெதுவாக. மறுபடி. நாலு தடவை. நாலாவது தடவையில் ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவே ஒரு மூச்சு விட்டுச் சொன்னார். முழுதும் வந்துவிட்டது.

ஒரே வரிதான். "இங்கே பனி ஒரு மீட்டர். நன்றி, பொறுமையாகக் கேட்டதற்கு."

செல்வராஜ் வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்ன சொன்னார் என்று கேட்டார். பனியாம் என்றேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கோர்ட் உண்டு. காலையில் வைத்துவிட்டு ஓடினேன். மேடமிடம் இன்று ஐந்து தடவை "மறுபடி சொல்லுங்கள்" என்றேன். எண்ணிக்கொண்டேன். ஐந்தாவது தடவை ஒரு வக்கீல் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். மேடம் பார்க்கவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

காது மிஷின் அடுத்த மாதம் வருகிறது. விடியற்காலையில் தினேஷோடு அரைமணி. கொடியை மேற்கே பார்க்கவும் திருப்பி வைக்க ஒரு ஸ்விட்ச் யோசித்திருக்கிறான், ஐரோப்பாவுக்கு. தென்மேற்கு நகைக்காரியை அப்போது எப்படிச் சமாளிப்பது என்று இரண்டு பேரும் படம் போட்டுக்கொண்டிருக்கிறோம். எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

பிறகு சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் வாசலிலிருந்து செல்வராஜ் என்னவோ சொன்னார் என்று தோன்றியது. அதற்குள் அவரே அடுப்பைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து நின்று, மறுபடி சொன்னார்.

"சந்தையில முருங்கைப்பூ வந்திருக்கு. வாங்கவா?"

வாங்குங்க என்றேன். நிறைய வாங்குங்க.